தென்றலுக்கு ஒரு சன்னல்

கொல்கத்தாவில் வீடு வாங்கப் போகிறவர்கள் தவறாமல் கேட்பது: "தெற்குப் பார்த்த ஃபிளாட்டா?" அதற்கென்றே கூடுதல் விலை உண்டு. கோடையில் வங்கக் கடலின் காற்று தெற்கிலிருந்துதான் வரும். தமிழில் தென்றல், வங்காளத்தில் 'தொகின் ஹாவா'. இரண்டு மொழியும் திசையை வைத்தே பெயர் சூட்டியிருக்கின்றன.

வட கொல்கத்தாவின் பழைய வீடுகள் இந்தக் காற்றை நம்பி எழுந்தவை. நடுவில் வானம் பார்த்த முற்றம். சூடான காற்று அதன் வழியே மேலேறிப் போய்விடும். சன்னல்களில் 'கொர்கொரி' எனப்படும் பச்சை வண்ண மரச் சட்டங்கள். சாய்த்து வைத்தால் வெயிலும் சாரலும் வெளியே நிற்க, காற்று மட்டும் உள்ளே வரும். உத்தரமும் குறுக்குக் கட்டையும் தாங்கும் செங்கல், சுண்ணாம்புக் கூரை நம் மெட்ராஸ் டெரஸுக்கு ஒன்றுவிட்ட தம்பி. தெருவோரத்து 'ரோயாக்', சாட்சாத் திண்ணை.

இன்று இவை ஒவ்வொன்றாக இடிகின்றன. அண்ணன் தம்பிகளுக்குள் பாகம் பிரியவில்லை. பழுது பார்க்கப் பணமில்லை. புரமோட்டர் வாசலில் நிற்கிறார். எழும்பும் அடுக்குமாடியிலோ பாதி மட்டுமே திறக்கும் அலுமினியச் சன்னல். விளைவு, ஏ.சி. அது தெருவில் கக்கும் வெப்பத்தால் பக்கத்து வீட்டுக்காரரும் ஏ.சி. வாங்குகிறார்.

எழுத்தாளர் அமித் சவுத்ரி 2015இல் தொடங்கிய இயக்கம், அரண்மனைகளை விட்டுவிட்டு இத்தகைய சாதாரண நடுத்தர வர்க்க வீடுகளுக்காகக் குரல் கொடுத்தது. இந்த நகரின் ஜோராசாங்கோ மாளிகையில் பிறந்த தாகூர், அதற்கும் முன்பே, 1935இல் சாந்திநிகேதனில் 'சியாமளி' என்ற மண் வீட்டைக் கட்டுவித்தார். குளிர்ச்சிக்காகச் சுவருக்குள் மண் பானைகளை அடுக்கினார்கள்.

பழையதை அப்படியே நகலெடுக்க முடியாது. கொல்கத்தாவின் புழுக்கத்தில் தடித்த சுவரைவிடக் காற்றோட்டம் முக்கியம். முற்றத்துக்கு இடமில்லாத மனையிலும் எதிரெதிர்ச் சன்னல்கள், ஆழமான வெயில் மறைப்பு, மரச் சட்டக் கதவு ஆகியவற்றுக்கு இடமுண்டு. ஆனால் ஒருவர் மட்டும் செய்து பயனில்லை. தெற்குப் பார்த்த ஃபிளாட்டின் தென்றல், தெற்கு மனையில் அடுத்த கட்டடம் எழும் வரைதான்.