நிரையும் நிரலும்

ஓய்வுபெற்ற பொறியாளர் ஒருவர் 1980களில் ஃபோர்ட்ரான் 77 மொழியில் எழுதிய வெள்ளக் கணிப்பு நிரல் எங்கள் இருவர் கைக்கு வந்து சேர்ந்தது. ஆறெழுத்தைத் தாண்டாத மாறிப் பெயர்கள். விளக்கக் குறிப்புகள் அநேகமாக இல்லை. அதைத் திருத்தி எழுதும் துணிவு எங்களுக்கு இல்லை. உள்ளது உள்ளபடி விட்டுவிட்டு, எஃப்டூபை என்னும் இணைப்புக் கருவியைக் கொண்டு பைத்தானிலிருந்து அழைப்பதென்று முடிவு செய்தோம்.

நீர்மட்டக் கட்டம் 4000க்கு 4000 புள்ளிகள்; இரட்டைத் துல்லியத்தில் 128 மெகாபைட். காலத்தின் ஒவ்வோர் அடிக்கும் அதை நகலெடுத்துக்கொண்டிருந்தால் பொழுது விடிந்துவிடும். நினைவகத்தின் ஒரே இடத்தை இரு மொழிகளும் பகிர்ந்துகொள்ள வேண்டும். பைத்தான் காட்டுமிடத்திலேயே ஃபோர்ட்ரான் எழுத வேண்டும். ஒற்றைப் பரிமாண வாய்க்கால் ஒன்றை வைத்துச் சோதித்தோம். சரியாக வந்தது. முழுக் கட்டத்தைக் கொடுத்தபோதோ, எவ்வளவு மழையைக் கொட்டினாலும் நீர் ஓர் அங்குலமும் ஏறவில்லை.

மூன்று வாரம் தேடினோம். பிறகு, இப்போது நினைத்தாலும் கூசுகிறது, நிரலில் பிழை இருப்பதாக அவருக்கே கடிதம் எழுதினோம். தொலைபேசியில் அழைத்தார். குரலில் கோபமில்லை. "கட்டத்தை ரோ வாரியா அடுக்குறீங்களா தம்பி, காலம் வாரியாவா?" என்று மட்டும் கேட்டார்.

பாடநூல்கள் நிரை, நிரல் என்று சொல்வதைத்தான் கேட்டார். (கணினிக்கான கட்டளைத் தொகுப்புக்கும் நிரல் என்றே பெயர் வைத்தவர்களை அன்று மனதாரச் சபித்தோம்.) நினைவகம் ஒரே நீள்வரிசை. பைத்தானின் நம்பை அணி இயல்பாக நிரை நிரையாக அடுக்கும்; ஃபோர்ட்ரான் நிரல் நிரலாகப் படிக்கும். பழைய ஃபோர்ட்ரானில் எது உள்ளீடு, எது வெளியீடு என்ற அறிவிப்பு கிடையாது. ஆகவே எஃப்டூபை எல்லாவற்றையும் உள்ளீடாகவே கொள்ளும். அடுக்கு பொருந்தாவிட்டால் ஓசையின்றி ஒரு நகலெடுத்து அதை நீட்டும். வெள்ளம் அந்த நகலில் ஏறியிருக்கிறது. அழைப்பு முடிந்ததும் நகலோடு மறைந்திருக்கிறது. எங்கள் கட்டம் வறண்டே கிடந்தது. ஒற்றைப் பரிமாணத்தில் நிரையேது, நிரலேது? அதனால்தான் சோதனை தேறியது.

அணியை ஃபோர்ட்ரான் அடுக்கில் உருவாக்கினோம். அதை உள்ளீடும் வெளியீடுமாக அறிவித்தோம். இனி அடுக்கு தவறினால் நகலெடுக்காமல் பிழை காட்டி நின்றுவிடும். நீர் ஏறியது.

மன்னிப்புக் கடிதம் முதற்கடிதத்தைவிட நீண்டுவிட்டது. வெள்ளம் பரவிய வரைபடத்தையும் உடன் வைத்தோம். ஒரு கரையின் உயரத்தைப் பென்சிலால் திருத்தித் திருப்பி அனுப்பியிருந்தார்.