மனை அவங்களுது, கூரை எங்களுது

2008-இல் எங்க அக்கா மகன் ஏழாவது படித்தான். கள்ளக்குறிச்சியில் ஒரு கம்ப்யூட்டர் சென்டர், மணிக்குப் பதினைந்து ரூபாய். காலனிப் பையன்கள் நாலு பேர் காசு சேர்த்து, ஒரே நாற்காலியில் ஒட்டிக்கொண்டு 'சான் ஆண்ட்ரியாஸ்' ஆடுவார்கள். 2004-இல் ராக்ஸ்டார் கம்பெனி கொண்டுவந்த விளையாட்டு. நாயகன் கறுப்பின இளைஞன். அம்மா சாவுக்கு ஊர் திரும்புகிறவனைப் போலீஸ் வழியில் மறித்து, பணத்தைப் பிடுங்கிக்கொண்டு, கொலைக் கேஸில் மாட்டிவிடுவோம் என்று மிரட்டுகிறது. அதுதான் ஆரம்பம். "மாமா, அங்கயும் அவங்க தெரு தனியாத்தான் இருக்குமா?" என்று கேட்டான்.

பழைய கம்ப்யூட்டர் ஒன்று வீட்டுக்கு வந்ததும் விளையாட்டுக்குள்ளேயே கை வைத்தான். நாயகனுக்கு நீலச் சட்டை, முதுகில் அம்பேத்கர். ரசிகர்கள் செய்கிற இந்த மாற்று வேலைக்கு 'மாட்' என்று பேர். ஊர்த்தெருவில் சைக்கிளை விட்டு இறங்கி உருட்டிக்கொண்டு போனவர் எங்கப்பா. அவர் பேரன் அந்தத் திரையில் அம்பேத்கரை முதுகில் போட்டுக்கொண்டு எல்லாத் தெருவிலும் பைக் ஓட்டினான். அதை வெறும் விளையாட்டு என்று சொல்ல எனக்கு மனசு வரவில்லை.

ராக்ஸ்டாருக்கு முதலாளி டேக்-டூ. மாட் செய்ய உதவிய 'ஓப்பன் ஐவி' என்ற கருவியை நிறுத்தச் சொல்லி 2017-இல் அது நோட்டீஸ் விட்டது. ஆட்டக்காரர்கள் கொதித்ததும் கருவி திரும்பி வந்தது. 2021-இல் அப்படி விடவில்லை. ஜி.டி.ஏ. 3, வைஸ் சிட்டி ரெண்டையும் பிரித்துப் பார்த்துத் திரும்ப எழுதிய ரசிகர்கள் மேல் கலிஃபோர்னியாவில் வழக்குப் போட்டது. 2023-இல்தான் அது முடிந்தது. இடையில், 2021 நவம்பரில், அதே பழைய விளையாட்டுகளுக்குக் கம்பெனியே புதுச்சட்டை மாட்டி விற்றது. ஓட்டையும் உடைசலுமாக இருந்ததால் மன்னிப்பும் கேட்டது.

பையனுக்கு யாரும் நோட்டீஸ் விடவில்லை. சேதியைப் படித்தே கையை எடுத்துவிட்டான்.

சட்டம் படித்த தோழர் ஒருவரிடம் கேட்டேன். தானே எழுதிய புரோகிராமை இன்னொன்றோடு பொருத்துவதற்கு வேண்டிய விவரத்தை எடுத்துக்கொள்ள, 1957 பதிப்புரிமைச் சட்டம் 52-ஆம் பிரிவில் இடமிருக்கிறது என்றார். "ஆனா முறைப்படி வச்சிருக்கிறவனுக்குத்தான். ஒங்க பையன் எங்க வாங்குனான்?" முப்பது ரூபாய்க் காப்பி சி.டி. நான் வாயை மூடிக்கொண்டேன்.

கம்பெனிக்காரனும் உழைத்துத்தான் செய்தான், இல்லை என்று சொல்லவில்லை. ராப்பகலாய் உட்கார்ந்து அதைச் செய்தவனுக்கு மட்டும் பட்டாவா இருக்கு? எங்கப்பா ஆண்டை நிலத்தில் குடிசை போட்டவர். மண் பிசைந்ததும் கூரை வேய்ந்ததும் நாங்கள். கூலி கேட்டு ஒரு சொல் கூடிவிட்டால் போதும், "பிரிச்சிக்கிட்டுப் போடா." டேக்-டூ சேதியைப் பையன் படித்துக் காட்டியபோது எனக்கு அந்தக் குரல்தான் கேட்டது.

இப்போது செல்போனில் பஸ் விளையாட்டு. இந்தோனேஷியாவின் மாலியோ கம்பெனி 2017-இல் விட்டது. மாட் போட அந்தக் கம்பெனியே வழி வைத்திருக்கிறது. இவன் கவர்மென்ட் பஸ் ஒன்று செய்து 'கள்ளக்குறிச்சி – வெள்ளிமலை' என்று போர்டு மாட்டினான். கல்வராயன் மலையிலிருந்து வந்த சிநேகிதன் பார்த்துவிட்டு, "கடைசி பஸ்ஸு எத்தினி மணிக்குடா?" என்றான். "நீ எப்ப ஏறுறியோ அப்ப."

"இவங்களும் ஒருநாள் மூடிட்டா?" என்று கேட்டேன். வரைந்த படங்களை மட்டும் தனியாக ஒரு பென்டிரைவில் எடுத்து வைத்திருக்கிறான். அம்பேத்கர் சட்டையும் அதில் இருக்கிறது.