ஹாத்திமின் மகன்: சில குறிப்புகள்

அதீ பின் ஹாத்திம். தய்யி குலத் தலைவர். அஜா, சல்மா மலைகளைச் சுற்றி வாழ்ந்த குலம்.

அப்பா ஹாத்திம் தாயி. கொடை என்றால் அரபு உலகம் இன்றும் சொல்லும் பெயர்.

மகனுக்கு வசூல். கொள்ளைப்பொருளில் நாலில் ஒரு பங்கு தலைவருக்கு. குல வழக்கம். ஆள் கிறிஸ்தவர் வேறு. அந்த மதத்தில் இது கூடாதே என்று பின்னால் நபிகள் கேட்டார்கள்.

நபிகளின் படை ஒருநாள் வரும் என்று தெரிந்திருக்கிறது. கொழுத்த, சொன்னபடி கேட்கிற ஒட்டகங்களாகப் பார்த்து வீட்டுப் பக்கமே நிறுத்திவை என்று மேய்ப்பவனிடம் சொல்லிவைத்திருந்தார்.

ஹிஜ்ரி 9. கி.பி. 630. அலீயோடு 150 பேர். கொடிகள் தெரிந்ததும் மேய்ப்பவன் ஓடிவந்தான்.

மனைவி, பிள்ளைகள், ஒட்டகங்கள். எல்லாம் சிரியாவுக்கு.

கூடப்பிறந்தவள் ஸஃப்பானா ஊரிலேயே. பிடிபட்டாள்.

மதீனாவில் பள்ளிவாசல் வாசலருகே கைதிகளுக்கு ஓர் அடைப்பு. அந்தப் பக்கம் வந்த நபிகளிடம் அவளே பேசினாள். மூன்றாம் நாள் விடுதலை. உடுப்பு, வாகனம், வழிச்செலவு. அவசரப்படாதே, நம்பகமான ஆட்களோடு போ என்ற அறிவுரையும்.

சிரியாவில் இறங்கியதும் உடன்பிறப்புப் பாசமெல்லாம் பிறகு. முதலில் திட்டு.

அவர் சாக்குச் சொல்லவில்லை. அந்த மனிதரைப் பற்றி நீ என்ன நினைக்கிறாய் என்று அவளிடமே யோசனை கேட்டார்.

அவள் போட்ட கணக்கு: நபியென்றால் முந்திப் போனவனுக்கு மேன்மை. அரசரென்றாலும் உனக்குக் குறைவு வராது.

அதீ மதீனா போனார். நபிகள் வீட்டுக்கு அழைத்துப்போகிறார். வழியில் ஒரு கிழவி நபிகளை நிறுத்திவைத்து நெடுநேரம் பேசுகிறாள். அவரும் நின்று கேட்கிறார். அதீ பார்த்துக்கொண்டிருக்கிறார்.

வீட்டில் ஈச்ச நார் அடைத்த தோல் திண்டு. அது விருந்தாளிக்கு. நபிகள் தரையில்.

இராக்கின் ஹீராவிலிருந்து ஒரு பெண் அச்சமில்லாமல் கஅபா வரை வரும் காலம் ஒன்று வரும் என்று கேட்டபோது அதீயின் மனதில் ஓடியது: அப்போது நாட்டைக் கலக்கும் தய்யி கொள்ளையர் எங்கே போயிருப்பார்கள்?

யோசித்தவர் தய்யி தலைவர்.

அதீ முஸ்லிமானார். நோன்பு. கறுப்பு நூல், வெள்ளை நூல் என்ற வசனத்தைக் கேட்டதும் தலையணைக்கடியில் இரண்டு கயிறுகளை வைத்துக்கொண்டு இரவெல்லாம் பார்த்தார். அது இரவின் இருளும் பகலின் வெளிச்சமும் என்று விளக்கம் கிடைத்தது.

வேட்டைக் கேள்விகள். பழக்கிய நாய் பிடித்துத் தந்தால்? நாய் தானே கொஞ்சம் தின்றுவிட்டால்? இரை தண்ணீரில் விழுந்து கிடந்தால்? ஹதீஸ் நூல்களில் பாதி அதீ இந்த நாய்களோடுதான்.

எறும்புகளுக்கு ரொட்டியைப் பிய்த்துப் போடுவாராம். அண்டை வீட்டாராம் அவை.

பாதிப் பேரீச்சம்பழத்தைத் தருமம் செய்தாவது நரகத்திலிருந்து தப்புவது பற்றிய நபிமொழி. அறிவித்தவர் அதீ.

ஒருவன் 100 திர்ஹம் கேட்டான். கோபம். ஹாத்திமின் மகனிடம் வெறும் நூறா? தரமாட்டேன் என்று சத்தியமே செய்துவிட்டார். சத்தியத்தைவிட நல்லது தென்பட்டால் நல்லதைச் செய் என்ற நபிமொழி நினைவுக்கு வந்து இறங்கினார்.

632. நபிகள் மறைந்தபின் குலங்கள் விலகுகின்றன. தய்யியிலும் சிலர் தன்னை நபியென்று சொல்லிக்கொண்ட துலைஹாவின் பக்கம். எதிர்த்து வந்த தளபதி காலிதிடம் அதீ மூன்று நாள் தவணை கேட்டார். 500 வீரர்களைத் திருப்பிக் கொண்டுவந்தார்.

உமர் கலீஃபா. வந்தவர்களை ஒவ்வொருவராகப் பேர் சொல்லி அழைக்கிறார். அதீக்குப் பொறுக்கவில்லை. என்னைத் தெரியவில்லையா?

தெரியும். மற்றவர் மறுத்தபோது நம்பியவர்.

அப்படியானால் கவலையில்லை என்றார்.

656, ஜமல் போர். அலீயின் பக்கம் நின்றார். ஒரு கண் போனது. 657, ஸிஃப்பீன். மகன்கள் போனார்கள்.

பிற்பாடு, அலீயை எதிர்த்து நின்ற முஆவியா குத்திக்காட்டினார்: அலீ தன் பிள்ளைகளைக் காத்துக்கொண்டு உன் பிள்ளைகளைப் பலிகொடுத்தார், நியாயமா? அதீ: அவர் கொல்லப்பட்டார், நான் உயிரோடு இருக்கிறேன். நியாயம் தவறியவன் நான்தான்.

671, கூஃபா. ஆளுநர் ஸியாத் ஒரு தய்யிக்காரரைத் தேடுகிறார். அப்துல்லாஹ் பின் கலீஃபா. ஒப்படை என்று அதீக்கு உத்தரவு. கிழவரைச் சிறையில் வைத்தார்கள்.

என் காலடியில் ஒளிந்திருந்தாலும் காலைத் தூக்கமாட்டேன் என்றார்.

கடைசியில் சமரசம். அந்த ஆள் கூஃபாவை விட்டு தய்யி மலைகளுக்குப் போகவேண்டும். திரும்ப அழைத்துக்கொள்கிறேன் என்று அதீ வாக்குக் கொடுத்தார்.

மலையிலிருந்து கவிதைகள் வந்தன. வாக்கை நினைவூட்டி.

அழைப்பு போகவில்லை. அவர் அங்கேயே இறந்தார். அதற்குப் பிறகும் அதீ பத்து வருஷத்துக்கு மேல் இருந்தார்.