அப்பாவின் மோரிஸ் மைனருக்கு வேறு ஸ்டீரிங்

மோரிஸ் மைனரின் ஸ்டீரிங் சக்கரத்தைக் கழற்றி மாற்றுவது ஒரு காலை நேர வேலைதான். அதற்கு அப்பாவிடம் சம்மதம் வாங்க எங்களுக்கு ஏழு மாதம் பிடித்தது.

கார் 1966இல் செய்தது. புக்கிட் பெலண்டோக் பக்கம் தோட்ட ஆபீசில் கிராணியாக இருந்த அப்பா, 1978இல் அதைத் தோட்டத்து டிரஸ்ஸரிடமிருந்து வாங்கினார். மோரிஸ் மைனர் 1948இல் இங்கிலாந்தில் வெளிவந்தது. பத்து லட்சத்துக்கு மேல் விற்ற முதல் பிரிட்டிஷ் கார் இதுதான். இதை வடிவமைத்த அலெக் இசிகோனிஸ்தான் பிறகு மினியையும் செய்தார். எங்களுக்கு அந்தக் கதையெல்லாம் தெரியாது. லயத்துப் பிள்ளைகளுக்கு அது ‘கிராணி காடி’, அவ்வளவுதான்.

நம் நாட்டு வெயிலுக்கு அந்தக் காலத்துப் பிளாஸ்டிக் ஸ்டீரிங் தாங்காது. முதலில் மயிரிழை போல் ஒரு கீறல் விழும். பிறகு அது வாய் பிளந்து உள்ளங்கையைக் கிள்ளும். அப்பா அதில் கறுப்பு ஒயர் டேப் சுற்றியிருந்தார். டேப் கசிந்து கையெல்லாம் பிசுபிசுக்கும். மாற்றலாம் என்று சொன்னபோதெல்லாம் ஒரே பதில்: “காடி வேணாம்னா சொல்லுங்க, வித்துடறேன். ஸ்டீரிங்கை மட்டும் தொடாதீங்க.”

காரணம் எனக்குத் தெரியும். 1999 மார்ச். பன்றிப் பண்ணைகளிலிருந்து பரவிய காய்ச்சலில் எங்கள் வட்டாரத்தில் ஆட்கள் அடுத்தடுத்துச் செத்துக்கொண்டிருந்தார்கள். முதலில் ஜப்பானிய மூளைக் காய்ச்சல் என்றார்கள், கொசு மருந்து அடித்தார்கள், ஊசி போட்டார்கள். பிறகுதான் அது புதிய கிருமி என்று தெரிந்தது. பக்கத்துக் கம்பமான சுங்கை நிப்பாவின் பெயரையே அதற்கு வைத்தார்கள். நாடு முழுவதும் 105 பேர் இறந்தார்கள். பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட பன்றிகள் கொல்லப்பட்டன. ஊர் காலியான அந்த நாட்களில் பாட்டி, அம்மா, நாங்கள் மூன்று பிள்ளைகள், இரண்டு துணி மூட்டை எல்லாவற்றையும் ஏற்றிக்கொண்டு அப்பா சிரம்பானுக்கு ஓட்டிய கார் இது. சித்தி வீடு சேரும் வரை அவர் ஒரு வார்த்தை பேசவில்லை. இரண்டு கையும் அந்தச் சக்கரத்தை விடவில்லை.

இப்போது அப்பாவுக்கு எண்பதாகிறது. லைசென்ஸ் எடுத்த என் மகள் தாத்தா காரை ஓட்ட ஆசைப்பட்டாள். அதனால்தான் நானும் விடாமல் கேட்டேன்.

லுக்குட்டிலிருந்து வந்த மெக்கானிக் அண்ணன் முதலில் டேப்பை மட்டும் பிரித்தார். “பிளாஸ்டிக் உடைஞ்சா பசை போட்டு ஒட்டி, தேய்ச்சு, சாயம் அடிச்சுக்கலாம் ஐயா. உள்ளே இருக்கிற இரும்பைப் பாருங்க” என்றார். அப்பா கண்ணாடியை மாட்டிக்கொண்டு, கணக்குப் புத்தகம் பார்ப்பதுபோல் பார்த்தார். நடுவிலிருந்து வரும் கம்பி வளையத்தில் சேரும் இடத்தில் நகத்தால் சுரண்டினார். துரு பொருக்காக உதிர்ந்தது. ஓடும்போது அது விட்டுப்போனால் என்ன ஆகும் என்று யாரும் அவருக்கு விளக்கத் தேவையில்லை. “பிள்ளை ஓட்டப்போகுது. மாத்து” என்றார்.

தம்பி சின்னதாக ஒரு ரேசிங் ஸ்டீரிங் போடலாம் என்றான். பார்வைக்கு நன்றாகத்தான் இருக்கும். ஆனால் இதில் பவர் ஸ்டீரிங் கிடையாது. வளையம் சிறுத்தால் நெம்பும் பலம் குறையும். காரை நிறுத்தும் இடத்தில் தோள்பட்டை கழன்றுவிடும். இன்னொரு மைனரிலிருந்து எடுத்த, இரும்பு கெடாத அசல் சக்கரம் ஒன்றைத் தேடி வாங்கினோம்.

அண்ணன் முன்சக்கரங்களை நேராக நிறுத்தினார். ஹார்னுக்கு மின்சாரம் வருவதால் பேட்டரி ஒயரைக் கழற்றினார். ஹார்ன் பித்தானை எடுத்தால் அடியில் பெரிய நட்டு. இது அங்குலக் கணக்கு வண்டி. மில்லிமீட்டர் ஸ்பேனரை வைத்து முறுக்கினால் நட்டின் முனை மழுங்கிவிடும். நட்டைத் தளர்த்தியவர் முழுதாகக் கழற்றவில்லை, இரண்டு மூன்று சுற்று விட்டுவைத்தார். சக்கரம் திடீரென்று பிடுங்கிக்கொண்டு வந்தால் மூக்கு உடையாமலிருக்க அதுதான் காவல். தண்டிலும் சக்கரத்திலும் வெள்ளைப் பெயிண்டால் ஒரு கோடு.

இழுத்துப் பார்த்தார், அசையவில்லை. தம்பி சுத்தியலை எடுத்தான். அண்ணன் அதை வாங்கிக் கீழே வைத்தார். தண்டின் தலையில் அடித்தால் அந்த அடி கீழே உள்ள பாகங்கள் வரை இறங்கும். துரு எண்ணெய் விட்டு, ஒரு காப்பி குடித்துவிட்டு வந்து புல்லரை மாட்டி மெதுவாகத் திருகினார். ‘டக்’ என்று ஒரு சத்தம், அவ்வளவுதான். அப்பா தள்ளி நின்று செம்பனை மரங்களைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

புதியதைப் பழைய கோட்டுக்கு நேராக உட்காரவைத்தார். ஒரு பல் தள்ளி உட்கார்ந்தாலும் கார் நேராக ஓடும்போது ஸ்டீரிங் கோணலாக நிற்கும். நட்டை இறுக்கி, இரு பக்கமும் கடைசிவரை திருப்பி, ஹார்ன் அடித்துப் பார்த்த பிறகுதான் மகளிடம் சாவியைக் கொடுத்தார். இதைப் படித்துவிட்டு யாரும் இன்றைய கார்களில் கை வைக்காதீர்கள். ஏர்பேக் உள்ள ஸ்டீரிங் விவரம் தெரிந்தவர்கள் மட்டும் தொடவேண்டியது.

பழைய சக்கரத்தைச் சுவரில் மாட்டலாமா என்று கேட்டேன். “அது என்ன, மாலை போட்ட படமா?” என்றார் அப்பா. இப்போது அரிசி டின்னுக்குப் பின்னால் இருக்கிறது. புதிய ஸ்டீரிங் வழுக்குகிறது என்று வாரம் ஒருமுறை குறை சொல்கிறார். மகள் ஓட்டும்போது பக்கத்தில் உட்கார்ந்து, வளைவு வரும்போதெல்லாம் இரண்டு கையையும் லேசாக மடக்கிக்கொள்கிறார்.