கேட்பதற்கு ஓர் ஆள்

தமிழில் எம்.ஏ. முடித்துக் கல்லூரியில் பணிபுரிபவனிடம் ஊரார் வழக்கமாகக் கேட்பவை இரண்டு. ஒன்று, பிறந்த குழந்தைக்கு நல்ல தமிழ்ப் பெயர். மற்றொன்று, "சார், பையன் புத்தகத்தத் தொடவே மாட்டேங்கான். என்ன வாங்கிக் குடுத்தாப் படிப்பான்?" என்ற கேள்வி. இரண்டுக்கும் அவர்கள் எதிர்பார்ப்பது ஒரு பட்டியல். பட்டியல் என்னிடம் இல்லாமல் இல்லை. ஆனால் கடந்த சில ஆண்டுகளாக, இரண்டாவது பட்டியலைக் கொடுப்பதற்கு முன் நானும் ஒன்று கேட்கிறேன்: "அவன் வாசித்தால், வீட்டில் யார் கேட்பார்கள்?"

பலர் இதைக் கேட்டுச் சற்றுத் திகைக்கிறார்கள். வாசிப்பு என்பது தனியே, வாய் மூடிச் செய்யும் காரியம் என்றே நாம் எண்ணிப் பழகியிருக்கிறோம். அந்த எண்ணத்தை நான் மறுபரிசீலனை செய்யக் காரணமாயிருந்தவர்கள் இருவர். ஒருவர் குற்றாலத்தில் வாழ்ந்து 1954ஆம் ஆண்டு மறைந்தவர். மற்றொருவர் என் தாயார்.

முதலாமவர் ரசிகமணி டி.கே. சிதம்பரநாத முதலியார். 1882இல் பிறந்தவர்; சட்டம் படித்தவர்; சட்ட மேலவை உறுப்பினர், அறநிலைய ஆணையர் முதலிய பொறுப்புகளை வகித்தவர். ஆனால் தமிழுலகம் அவரை நினைவில் வைத்திருப்பது 1924 வாக்கில் திருநெல்வேலி வண்ணார்பேட்டையில் தம் வீட்டு முற்றத்தில் அவர் கூட்டிய வட்டத்தொட்டிக்காகத்தான். பின்னர் அவர் குற்றாலத்துக்குக் குடிவந்தபோது அந்தச் சபையும் உடன் வந்தது. ராஜாஜியும் கல்கியும் அங்கு வந்து அமர்ந்திருக்கிறார்கள். கரிசல் காட்டு இளைஞர்களான கி. ராஜநாராயணனும் கு. அழகிரிசாமியும் அவருடைய அன்புக்கு உரியவர்களாயிருந்தார்கள். இவர்களுள் கி.ரா. பள்ளிப் படிப்பைப் பாதியில் விட்டவர். பிற்காலத்தில் புதுவைப் பல்கலைக்கழகத்தில் சிறப்புநிலைப் பேராசிரியராக அமர்ந்தவர்.

வட்டத்தொட்டியில் நடந்ததுதான் என்ன? ஒருவர் பாட்டைச் சொல்வார்; மற்றவர்கள் கேட்பார்கள். டி.கே.சி. ஒரே பாடலைச் சொற்களைப் பிரித்து, நிறுத்த வேண்டிய இடத்தில் நிறுத்தித் திரும்பத் திரும்பச் சொல்வார் என்று உடனிருந்தவர்கள் எழுதியிருக்கிறார்கள். பொருள் விளக்கம் பிறகுதான். பாட்டு முதலில் காதுக்குள் நுழைய வேண்டும் என்பது அவர் கட்சி. அங்கே யாரும் யாரையும் பரீட்சை செய்யவில்லை. கம்பனில் தமக்குச் சுவைக்காத பாடல்களை இடைச்செருகல் என்று அவர் ஒதுக்கியதைப் புலவர்கள் கடுமையாகச் சாடினார்கள். தமிழ்த்துறையில் பயின்றவன் என்ற முறையில் அந்தச் சாடலில் நியாயம் உண்டு என்றே நானும் கருதுகிறேன். ஒரு நூலின் பாடத்தை ஒருவரின் சுவை தீர்மானிக்கலாகாது. எனினும் பதிப்பாசிரியருக்கு ஆகாத அந்தச் சுதந்திரம், புதிதாக வாசிக்கத் தொடங்கும் ஒருவனுக்கு மிகவும் வேண்டியது. பிடிக்காத பக்கத்தைத் தாண்டிச் செல்லும் உரிமை இல்லாமல் யாருக்கும் வாசிப்பில் ருசி பிறந்ததில்லை.

இனி, என் வீட்டுச் செய்தி. என் மகன் ஐந்தாம் வகுப்பில் இருந்தபோது, தமிழ்ப் பாடவேளை உள்ள நாட்களில் அவனுக்குத் தொண்டை வலி வரத் தொடங்கியது. விசாரித்ததில் காரணம் தெரிந்தது. வகுப்பில் எழுந்து நின்று வாசிக்கச் சொல்கிறார்கள். அவன் எழுத்துக்கூட்டித் திணறுகிறான். மற்ற பிள்ளைகள் சிரிக்கிறார்கள். ஒருநாள் இரவு, "எனக்குத் தமிழ் வராதுப்பா" என்று சொல்லிவிட்டுச் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டான். நாள் முழுதும் தமிழில் பேசி, தமிழில் சண்டையிட்டு, தமிழில் கனவு காணும் பிள்ளை அவன்.

வாசிக்கப் பிடிக்கவில்லை என்று நாம் சொல்லும் குழந்தைகளுள் ஒரு பகுதியினருக்கு உண்மையில் வாசிப்பது கடினமாயிருக்கிறது. எழுத்து எழுத்தாகக் கூட்டி வரியின் முடிவுக்கு வரும்போது, வரியின் தொடக்கம் நினைவிலிருந்து நழுவிவிடுகிறது. உழைப்பு முழுதும் எழுத்துக்கே செலவாகிவிட, கதைக்கு ஒன்றும் மிஞ்சுவதில்லை. போதாததற்கு நம் எழுத்துத் தமிழ் வேறு, பேச்சுத் தமிழ் வேறு. 'வந்தாக, போனாக' என்று கேட்டு வளர்ந்த பிள்ளை, புத்தகத்தில் 'வந்தார்கள், சென்றார்கள்' என்று காண்கிறது. புணர்ச்சியில் ஒட்டிக்கொண்ட நீண்ட சொற்கள் வேறு. காதில் முன்பே விழுந்திராத சொல்லைக் கண்ணால் அடையாளம் காண்பது எவருக்கும் எளிதன்று. இந்நிலையில் பிள்ளையின் முன் புத்தகங்களைக் குவிப்பதால் பயனில்லை. "படிச்சியே, என்ன புரிஞ்சுது சொல்லு" என்று கேட்டுவிட்டாலோ வகுப்பறை வீட்டுக்குள்ளும் வந்துவிடுகிறது.

அந்த ஆண்டுதான் என் தாயாருக்குக் கண்புரை அறுவை நடந்தது. அவர்கள் ஏறத்தாழ நாற்பது ஆண்டுகள் பீடி சுற்றியவர்கள். தென்காசி வட்டாரத்தில் மடியில் சுளகை வைத்துக்கொண்டு வாசலில் அமர்ந்திருக்கும் பெண்களைக் காணாத தெரு குறைவு. அறுவைக்குப் பின் சுளகை எடுத்து வைத்துவிட்டார்கள். கைக்கு வேலையில்லை, பொழுது நகரவில்லை. அவர்கள் மூன்றாம் வகுப்பு வரை படித்தவர்கள். பேரனை அழைத்து, "ஏய்யா, அந்தக் கதப் பொஸ்தகத்த எடுத்து வாசி, கேப்போம்" என்றார்கள். அவன் என்னைப் பார்த்தான். நான் எழுந்து அடுத்த அறைக்குச் சென்றுவிட்டேன்.

அவன் எழுத்துக்கூட்டித்தான் வாசித்தான். ஆச்சிக்கு அது குறையாகவே படவில்லை. அவர்களும் ஆயுள் முழுதும் எழுத்துக்கூட்டியே வாசித்தவர்கள். வாசிப்பென்றால் அப்படித்தான் என்று எண்ணுபவர்கள். அவன் ஒரு சொல்லில் தடுக்கி நின்றால் பொறுத்திருந்தார்கள். சில சமயம் அவன் முடிப்பதற்குள் அவர்களே சொல்லை ஊகித்துவிடுவார்கள். எழுத்தை வைத்தன்று, கதையை வைத்து. இப்படியும் சொல்லைப் பிடிக்கலாம் என்பதை அவன் அங்கேதான் கற்றான்.

மூன்றாம் நாளோ நான்காம் நாளோ ஒரு சண்டை வந்தது. வாசித்துக்கொண்டிருந்த நாட்டார் கதை ஆச்சிக்கு வேறு வடிவத்தில் தெரிந்திருந்தது.

"என்னல சொல்லுத? எங்க அம்ம சொன்ன கதையில அது நரில்லா!"

"இல்ல ஆச்சி, ஓநாய்னுதான் போட்டிருக்கு."

"எங்க, திருப்பி வாசி பாப்போம்."

அவன் திருப்பி வாசித்தான். இம்முறை வேகமாக, விரலை வரியில் வைத்து அழுத்தியபடி வாசித்தான். வாதத்தில் வெல்ல வேண்டுமே! அடுத்த அறையிலிருந்து அதைக் கேட்டுக்கொண்டிருந்தேன். வகுப்பறையில் அவனுடைய குற்றத்துக்குச் சாட்சியாக நின்ற புத்தகம், இங்கே அவன் கட்சிக்குச் சாட்சி சொல்ல வந்திருந்தது. அவனுக்குத் தெரிந்த ஒன்று மற்றொருவருக்குத் தெரியவில்லை. அது இந்தப் பக்கத்தில் இருக்கிறது. அதை எடுத்துக் கொடுக்க அவனால் முடியும். ஒரு பிள்ளை வாசிப்பதற்கு இதைவிட வலுவான காரணத்தை என்னால் கண்டுபிடிக்க முடிந்ததில்லை.

இது எங்கள் தெருவுக்குப் புதிதுமன்று. 1980களின் இறுதியில் பீடி சுற்றும் பெண்கள் காசு சேர்த்து 'ராணி' வார இதழை வாங்குவார்கள். கைகள் இலையிலும் நூலிலும் இருக்கும். காதுகள் சும்மா இருக்கும். பள்ளிக்கூடம் போகும் பிள்ளை யாராவது தொடர்கதையை வாசிக்க வேண்டும். அப்படி வாசித்தவர்களுள் நானும் ஒருவன். எங்கோ இருக்கும் கியூபாவிலும் இதே கதைதான் என்று பின்னாளில் அறிந்தபோது வியப்பாக இருந்தது. ஹவானாவின் சுருட்டுத் தொழிற்சாலைகளில் 1865 முதல் ஒருவர் உயர்ந்த இருக்கையில் அமர்ந்து, சுருட்டுச் சுற்றுவோருக்குச் செய்தித்தாளும் நாவலும் வாசிக்கும் வழக்கம் ஏற்பட்டது. அவருக்கான ஊதியத்தைத் தொழிலாளர்களே தங்களுக்குள் திரட்டிக் கொடுத்தார்கள். புகழ்பெற்ற 'மாண்டிகிறிஸ்டோ' சுருட்டுக்கு அப்பெயர் வந்தது, அங்கு விரும்பிக் கேட்கப்பட்ட அலெக்சாந்தர் தூமாவின் நாவலால்தான் என்பார்கள். அரசாங்கம் அஞ்சித் தடை விதிக்கும் அளவுக்கு அந்த வாசிப்பு வேரூன்றியிருந்தது.

அமெரிக்காவின் சால்ட் லேக் நகரில் 1999ஆம் ஆண்டு வேறொரு முயற்சி தொடங்கியது. வாசிக்கத் தயங்கும் குழந்தைகளை நூலகத்தில் பயிற்சி பெற்ற நாய்களின் அருகே அமர்த்தி, அவற்றுக்கு வாசித்துக் காட்டச் சொன்னார்கள். வேடிக்கையாகத் தோன்றலாம். ஆனால் நாய் திருத்துவதில்லை, சிரிப்பதில்லை, அவசரப்படுத்துவதில்லை. பின்னர் பல நாடுகளில் இது பரவியது. நம் வீடுகளில் ஆச்சிகளும் தாத்தாக்களும் தொலைக்காட்சித் தொடர்களுக்கு முன் அமர்ந்திருக்க, அங்கே நாயைத் தேட வேண்டியிருக்கிறது என்பதைச் சற்று யோசிக்கலாம்.

கதை கேட்க வேண்டுமானால் கைப்பேசியில் ஆயிரம் ஒலிக்கதைகள் உள்ளனவே என்று நண்பர் ஒருவர் கேட்டார். கேட்கட்டும், நல்லதுதான், சொற்கள் காதில் சேர்வது வீண்போகாது. ஆனால் அந்தக் கருவியிடம் பிள்ளை எதையும் கொடுப்பதில்லை, பெறுவது மட்டுமே. "அது நரில்லா!" என்று அது சண்டைக்கும் வராது.

அப்படியானால் எதை வாசிப்பது? சிறியதாக, ஓரமர்வில் முடிவதாக இருப்பது நலம். தமிழகப் பள்ளிக்கல்வித் துறை 2023இல் வாசிப்பு இயக்கம் என்ற பெயரில் 'நுழை, நட, ஓடு, பற' எனப் படிநிலை வகுத்து வெளியிட்ட சிறு நூல்கள் இதற்குப் பொருத்தமானவை. எங்கள் பக்கத்துப் பிள்ளைகளுக்குக் கி.ரா.வும், கழுநீர்குளத்துக்காரரான கழனியூரனும் தொகுத்த நாட்டார் கதைகளைச் சொல்வேன். வீட்டில் கேட்கும் மொழி அவற்றில் அச்சேறியிருக்கிறது. (அவர்கள் பெரியவர்களுக்கென்று தொகுத்தவையும் உண்டு, பெற்றோர் முதலில் புரட்டிப் பார்த்துக்கொள்வது உத்தமம்!) பறவைகளின் மீது பித்துக் கொண்ட சிறுவனைப் பற்றிய கி.ரா.வின் 'பிஞ்சுகள்' குறுநாவல் பின்னர் வரலாம். குற்றாலக் குறவஞ்சியையும் ஒதுக்க வேண்டியதில்லை. திரிகூடராசப்பக் கவிராயர் பிறந்த மேலகரம், தென்காசியிலிருந்து குற்றாலம் செல்லும் வழியில்தான் இருக்கிறது. குறத்தி தன் மலையின் வளம் சொல்லும் இடத்தில் வரும் குரங்குகளை என் மகன் உடனே அடையாளம் கண்டுகொண்டான். பேரருவிக்கரையில் அவன் கையிலிருந்த நேந்திரங்காய் வற்றலைப் பிடுங்கிச் சென்றவற்றின் மூதாதையர் அல்லவா! அந்தப் பாடலுக்கு நான் பொருள் சொல்லவில்லை. நான்கைந்து முறை உரக்கச் சொன்னேன். சந்தம் மற்றதைச் செய்தது.

ஆச்சி இல்லாத வீடுகளும் உண்டு என்பதை அறிவேன். தம்பி தங்கை இருக்கலாம். சமையலறையில் வெங்காயம் உரிக்கும் அம்மா இருக்கலாம். பக்கத்து வீட்டு முதியவர் இருக்கலாம். ஒரு நாளைக்குப் பத்து நிமிடம், கைப்பேசியைக் கீழே வைத்துவிட்டு, அடுத்து என்ன ஆகும் என்று உண்மையாகவே அறிய விரும்பும் ஒருவர் போதும். 'உண்மையாகவே' என்பதுதான் முக்கியம். கேட்பதுபோல் நடிப்பதைப் பிள்ளைகள் ஒரு நிமிடத்தில் கண்டுபிடித்துவிடுவார்கள். டி.கே.சி.யை இந்த மொழி கவிஞர் என்றோ புலவர் என்றோ அழைக்கவில்லை, ரசிகமணி என்றே அழைத்தது. நன்றாகக் கேட்பதும் இலக்கியத்தில் ஒரு பணி என்பதை நம் முன்னோர் அறிந்திருந்தார்கள் என்று கொள்கிறேன்.

என் மகன் இப்போது ஏழாம் வகுப்பு. புத்தகப் புழுவாகிவிட்டான் என்று சொன்னால் அது பொய்யாகும். கிரிக்கெட் மட்டையா புத்தகமா என்றால் மட்டையைத்தான் எடுப்பான். வகுப்பில் இன்னும் மெதுவாகத்தான் வாசிக்கிறான். ஆனால் எழுந்து நின்று வாசிக்கிறான். தொண்டை வலி வருவதில்லை. சில மாதங்களாக என் தாயார் செங்கோட்டையில் தங்கை வீட்டில் இருக்கிறார்கள். இரவு எட்டு மணிக்குத் தொலைபேசியில் அழைத்து அவர்களுக்கு ஒரு கதை வாசிக்கிறான். பெரும்பாலும் கதை முடிவதற்குள் மறுமுனையில் ஆச்சி உறங்கிவிடுகிறார்கள். அந்த வரியின் ஓரத்தில் பென்சிலால் ஒரு கோடிட்டு வைத்துக்கொள்கிறான், மறுநாள் அங்கிருந்து தொடங்குவதற்காக.