'மே' என்றால் 'ஷல்' ஆகுமா?

எட்டாம் வகுப்பில் ஆங்கிலத் துணைவினைகளை நடத்திக்கொண்டிருந்தேன். "கேன் என்பது ஆற்றலைக் காட்டும், மே என்பது இசைவைக் காட்டும், மஸ்ட் என்பது கட்டாயத்தைக் காட்டும், ஷல் என்பது..." என்று அடுக்கிக்கொண்டே போனேன். கடைசி வரிசை மாணவன் ஒருவன் எழுந்தான். "ஐயா! மே, ஷல் இரண்டில் எதை எழுதினால் என்ன?" என்று கேட்டான். பாடம் முடிய வேண்டுமே என்ற அவசரம் எனக்கு. "பெரிய வேறுபாடில்லை, உட்கார்" என்றேன். உட்கார்ந்துவிட்டான்.

ஆனால், நான் சொன்ன விடை என்னை உட்காரவிடவில்லை. வேறுபாடில்லை என்று எவரோ சொன்னதை ஏற்க மறுத்து ஒரு தலைமுறையே வீதிக்கு வந்த நாட்டில் பிறந்தவனல்லவா நான்! அதே விடையை ஆசிரியர் நாற்காலியிலிருந்து நானே சொல்லிவிட்டேனே!

தோழர்களே, இலக்கணத்தை முதலில் பார்ப்போம். 'ஐ ஷல் கோ' என்றால் 'நான் போவேன்' என்பதுதான், எதிர்காலம், அவ்வளவே. ஆனால், அதே 'ஷல்' சட்டத்தின் வாயிலிருந்து வரும்போது ஆணையாகிறது. செய்தே தீரவேண்டும் என்று கட்டுகிறது. 'மே'யோ நம் 'லாம்' போன்றது. 'மழை வரலாம்' என்றால் ஐயம். 'நீ வரலாம்' என்றால் அனுமதி. இரண்டிலும் உறுதி மட்டும் இல்லை. வரலாம் என்றால், வராமலும் இருக்கலாம்!

1950-இல் நடப்புக்கு வந்த அரசியலமைப்புச் சட்டத்தின் 343-ஆம் பிரிவைப் புரட்டிப் பாருங்கள். இந்தி ஆட்சிமொழியாகும் என்னுமிடத்தில் 'ஷல்'. பதினைந்து ஆண்டுகளுக்கு ஆங்கிலம் தொடரும் என்னுமிடத்திலும் 'ஷல்'. அதற்குப் பின்னர்? நாடாளுமன்றம் சட்டமியற்றி ஆங்கிலத்தைத் தொடரச் செய்யலாம், அங்கே 'மே'! இந்திக்கு ஆணை, ஆங்கிலத்துக்குத் தவணை, தவணை முடிந்தபின் தயவு.

இந்தி பேசாத மக்கள் விரும்பும்வரை ஆங்கிலம் நீடிக்கும் என்று 1959-இல் பண்டித நேரு நாடாளுமன்றத்தில் உறுதி கூறினார். ஆனால், 1963-இல் வந்த ஆட்சிமொழிச் சட்டத்தின் மூன்றாம் பிரிவு, ஆங்கிலம் 'தொடரலாம்' என்றுதான் சொல்லிற்று. வாய்மொழியில் இருந்த உறுதி ஏட்டில் 'மே'யாகச் சுருங்கிற்று. கழகத்தார் அதைச் சுட்டிக்காட்டினர். இவ்விடத்தில் 'மே' என்பதற்கு 'ஷல்' என்றே பொருள் என்றார் நேரு. பொருள் அதுவேயானால் சொல்லையும் அதுவாகவே எழுதிவிடலாமே என்று திருப்பிக் கேட்டனர் கழகத்தார். சொல் மாறவில்லை.

நேருவின் விளக்கம் அடியோடு பொய்யன்று. இடம் நோக்கி 'மே'யை 'ஷல்' என்று நீதிமன்றங்கள் படித்ததுண்டு. ஆனால், அப்படிப் படிப்பதா வேண்டாமா என்பது தீர்ப்பு எழுதுபவரின் கையில் இருக்கிறது. நல்லவர் ஒருவர் நாவை நம்பி, ஒரு மக்களின் எதிர்காலத்தை அடகு வைக்க முடியுமா? நேரு 1964-இல் மறைந்தார். ஏட்டிலிருந்த சொல் மறையவில்லை!

1965 சனவரி 26-இல் தவணை முடிந்தது. மாணவர்கள் கிளர்ந்தெழுந்தனர், துப்பாக்கிச் சூட்டில் உயிர்கள் வீழ்ந்தன. 1967 இறுதியில் சட்டம் திருத்தப்பட்டது. முதற்பகுதியில் அந்த 'மே' அப்படியே நின்றாலும், அதைச் சுற்றி 'ஷல்' என்னும் வேலி எழுந்தது. இந்தியை ஏற்காத மாநிலங்களுடன் நடுவணரசு நடத்தும் கடிதப் போக்குவரத்தில் ஆங்கிலமே இருக்க வேண்டும். அம் மாநிலங்களின் சட்டமன்றங்கள் அனைத்தும் தீர்மானம் இயற்றி, பின்னர் நாடாளுமன்றத்தின் ஈரவைகளும் இசைந்தாலன்றி அதை நீக்கலாகாது என்றாயிற்று.

மொழிக்கு மட்டுமா இந்த வேறுபாடு? தீண்டாமையின் பேரால் எவர்மீதும் தடை விதிப்பது தண்டனைக்குரிய குற்றமாகும் என்கிறது அரசியலமைப்பின் 17-ஆம் பிரிவு. அங்கே நிற்பது 'ஷல்'. 'குற்றமாகலாம்' என்று எழுதியிருந்தால் என்ன ஆகியிருக்கும்? தேநீர்க் கடையில் தனிக் குவளை வைப்பவன் அந்த 'லாம்' என்னும் சந்திலேயே தப்பியோடியிருப்பான்! 1924-இல் வைக்கத்தில் பெரியார் சிறை புகுந்தது, கோயிலைச் சுற்றிய தெருவில் நடக்கலாமா என்று கும்பிட்டுக் கேட்கவா? நடப்பது எம் உரிமை என்று நிலைநாட்டவல்லவா! கொடுப்பவன் கையில் இருப்பது 'மே'. பெறுபவன் கையில் இருக்க வேண்டியது 'ஷல்'.

மறுநாள் வகுப்புக்குப் போனேன். "நேற்று நான் சொன்னது தவறு" என்று அந்த மாணவனிடம் எல்லோர் முன்னிலையிலும் சொன்னேன். கரும்பலகையில் இரண்டு வாக்கியங்களைத் தமிழில் எழுதினேன்: 'ஏழைப் பிள்ளைக்குப் பள்ளியில் இடம் தரலாம்.' 'ஏழைப் பிள்ளைக்குப் பள்ளியில் இடம் தரவேண்டும்.' "எது வேண்டும் உனக்கு?" என்று கேட்டேன்.

அவன் தயங்கவேயில்லை. "இரண்டாவது, ஐயா. முதலாவதில் அவர்கள் தராமலும் இருந்துவிடலாம்."

மணியடித்தது. அன்று நான் பாடத்தை முடிக்கவில்லை, முடிக்காததற்காக வருந்தவுமில்லை.