ஓகஸ்ட் 20-க்கு முன்

ஏப்ரல் 9, பேர்கன்

நோர்வேயில் காட்டு ரெயின்டீர் மான் வேட்டை ஓகஸ்ட் 20-இல் தொடங்குகிறது. ஹார்டாங்கர்விடா மேட்டுநிலத்துக்கு உடம்பைத் தயார்ப்படுத்த இன்னும் நாலு மாதத்துக்குச் சற்றுக் கூடுதலாக இருக்கிறது. நாற்பது வயதில் துவக்கைத் துடைத்து, சப்பாத்துக்கு மெழுகு பூசினால் ஆயத்தம் முடிந்துவிடும். அறுபத்தொரு வயதில் ஆயத்தம் குடும்ப வைத்தியரிடம் தொடங்குகிறது. பிரஷர், சீனி, கொழுப்பு, ஓடுபொறியில் நடக்கவைத்து இதயப் பரிசோதனை. தெற்காசியர்களான எங்களுக்குச் சீனி வருத்தமும் மாரடைப்பும் நோர்வேக்காரருக்கு வருவதைவிட இளவயதிலேயே வருகின்றன. ஒஸ்லோவில் குடியேறியோரிடையே நடந்த ஆய்வில் இலங்கையரிடம் சீனி வருத்தம் மிக அதிகமாக இருந்தது. வேட்டைக்குப் போகும் எங்கள் ஆட்கள் இந்தப் பரிசோதனையைத் தள்ளிப்போடவே கூடாது.

அமெரிக்காவின் மிச்சிகனில் நடத்தி 2007-இல் வெளியிட்ட ஓர் ஆய்வை வைத்தியரிடம் சொன்னேன். மான் வேட்டைக்குப் போன நடுவயது ஆண்கள் 25 பேரின் இதயத் துடிப்பைக் காட்டிலேயே பதிவுசெய்தார்கள். ஓடுபொறியில் எட்டிய உச்சத்தையும் தாண்டிச் சிலருக்கு அங்கே துடித்திருக்கிறது. மேடு, குளிர், சுமை எல்லாம் சேர்ந்திருக்கும்போது மானைக் கண்ட பதற்றமும் வந்து சேர்கிறது. வைத்தியர் என் இதயப் பரிசோதனைப் பதிவைப் பார்த்துவிட்டு, "நீ போகலாம், ஆனால் இன்றைக்கே பயிற்சியைத் தொடங்கு" என்றார்.

போகாமல் விட்டால் என்ன என்று மகள் கேட்கிறாள். அவளுக்குச் சொன்னதை இங்கேயும் எழுதி வைக்கிறேன். மூச்சிரைக்க நின்று சுடுகிறவனின் ரவை நெஞ்சுக்குப் போகாமல் வயிற்றுக்குப் போகும். அந்த மான் மணிக்கணக்காகத் துடித்துச் சாகும். என் கால்களையும் மூச்சையும் பழக்குவதற்கு அதைவிடப் பெரிய காரணம் எனக்கு வேண்டாம். உடம்பு இடம்கொடுக்காத ஆண்டில் நான் துவக்கை எடுக்கமாட்டேன். ஆனால் இடம்கொடுக்க வைப்பதற்கான உழைப்பைச் செய்யாமல் அந்த முடிவுக்கு வரவும் மாட்டேன்.

ஏப்ரல் 27

ஊல்ரிக்கன் மலைப்படிகள். நேபாளத்துச் செர்ப்பாக்கள் வந்து கல்லடுக்கிக் கட்டிய 1,333 படிகள். பேர்கன் மழையில் கல் எப்போதும் நனைந்தே இருக்கும். மேட்டுநிலத்துப் பாறையும் அப்படித்தான் என்பதால் எனக்கு இதைவிட நல்ல பயிற்சிக்கூடம் கிடையாது.

எல்லோரும் ஏற்றத்துக்குப் பயப்படுகிறார்கள். வயதானவனைப் படுக்கவைப்பது இறக்கம். ஏறும்போது தொடைத்தசை சுருங்கி வேலை செய்கிறது. இறங்கும்போதோ அதே தசை நீண்டுகொண்டே உடம்பின் பாரத்தைப் பிடித்து நிறுத்த வேண்டும். இழைகளில் நுண்ணிய சேதம் அதிகம் உண்டாவது இப்போதுதான். இரண்டாம் நாள் காலையில் கழிவறைக் குந்தில் இருந்து எழும்ப முடியாமல் நோவது அதனால்தான். நல்ல விஷயம் என்னவென்றால், தசை இதற்கு வேகமாகப் பழகும். ஓரிரு முறை அளவாக இறங்கிவிட்டால் அடுத்த முறை சேதம் குறைகிறது, அந்தக் காப்பு வாரக்கணக்கில் நிற்கிறது. ஆகவே வேட்டைக்கு முந்திய மாதத்தில் இறக்கப் பயிற்சியை விட்டுவிடவே கூடாது.

முதுகுப்பையில் இப்போது எட்டுக் கிலோ தண்ணீர்ப் போத்தல்கள். உச்சியில் தண்ணீரை ஊற்றிவிட்டு வெறும் பையோடு இறங்கினால் முழங்காலுக்கு இதம். மே முடியும்வரை அப்படியே செய்வேன். யூனில் பாதியை வைத்துக்கொண்டு இறங்க வேண்டும். வேட்டையில் பாரம் சேருவது திரும்பி வரும் வழியில்தான்.

முப்பது வயதுக்குப் பிறகு பத்தாண்டுக்கு 3 முதல் 8 சதவீதம் தசை குறைகிறது, அறுபதுக்குப் பின் இன்னும் வேகமாக. பலத்தைவிடச் சடுதியான விசை முந்திப் போய்விடுகிறது. கால் இடறும்போது மற்றக் காலைச் சட்டென்று முன்வைக்க அந்த விசைதான் தேவை. அதனால் கதிரையிலிருந்து வேகமாக எழும்பி, மெல்ல இருக்கும் பயிற்சியையும் சேர்த்திருக்கிறேன். பார்க்கச் சின்ன வேலை. தொடை நெருப்பாக எரிகிறது.

மே 19

நாலு நிமிடம் கடுமையாக, மூன்று நிமிடம் இலேசாக, அப்படி நாலு தரம். துரொன்ஹைம் பல்கலைக்கழகத்து ஆய்வாளர்கள் பரப்பிய முறை இது. உச்சத் துடிப்பில் 85 முதல் 95 சதவீதம்வரை போக வேண்டும். முழு வசனம் பேச முடியாத அளவு. வீட்டுக்குப் பின்னால் உள்ள ஏற்றத்தில் வாரத்துக்கு இருமுறை செய்கிறேன்.

அதே பல்கலைக்கழகம் 70 முதல் 77 வயதுவரை உள்ள 1,500-க்கும் மேற்பட்டவர்களைப் பயிற்சிக் குழுக்களாகப் பிரித்து, ஐந்து ஆண்டு தொடர்ந்து பார்த்து, 2020-இல் முடிவை வெளியிட்டது. ஆயுள் விஷயத்தில் குழுக்களுக்கிடையே திட்டமான வேறுபாடு தெரியவில்லை. நான் ஆயுளுக்காக இதைச் செய்யவில்லை. மேட்டில் ஏறி நின்ற பிறகு துடிப்பு எவ்வளவு சீக்கிரம் இறங்குகிறது என்பதே எனக்கு வேண்டியது. அந்த இறக்கம் ஏப்ரலைவிட இப்போது விரைவாகிவிட்டது. மணிக்கூட்டைப் பாராமலே தெரிகிறது.

யூன் 8

ஆண்டுதோறும் பெரிய விலங்கு வேட்டைக்காரர்கள் தரவேண்டிய சுடும் பரீட்சை. முதலில் 30 பயிற்சிச் சூடுகள், பிறகு 100 மீற்றரில் மான் உருவப் பலகைக்கு ஐந்து சூடு. ஐந்தும் நெஞ்சு வட்டத்துக்குள் விழவேண்டும். விழுந்தன.

ஆனால் பரீட்சையில் மனிதன் ஆறுதலாகப் படுத்திருந்து சுடுகிறான். மலையில் அப்படி இல்லை. அதனால் சுடுதளத்தில் ஆள் குறைந்த பிறகு, துவக்கை வெறுமையாகத் தளத்திலேயே வைத்துவிட்டு, பக்கத்து மேட்டை ஏறி இறங்கி வந்து உடனே படுத்துக் குறிபார்த்தேன். தொலைநோக்கிக்குள் குறுக்குக்கோடு ஒவ்வொரு துடிப்புக்கும் எழும்பி விழுந்தது. நீளமாக மூச்சை விட்டு, விட்ட மூச்சின் அடியில் காத்திருந்தால் கோடு அமைதியாகும். அதற்கு எவ்வளவு நேரம் பிடிக்கிறது என்பதை உடம்பு கற்றுக்கொள்ள வேண்டும். இந்தப் பயிற்சியை வயதான வேட்டைக்காரர் எல்லோருக்கும் கட்டாயமாக்கலாம் என்பேன்.

யூலை 14

விடுமுறை. உடம்புக்கும் கொஞ்சம் விடுமுறை. அறுபதுக்குப் பிறகு தசை ஆறுவதற்கு ஒருநாள் கூடுதலாகக் கேட்கிறது, கொடுத்துவிட வேண்டும். இரவுப் புட்டைப் பாதியாக்கி, பயறும் மீனும் முட்டையும் கூட்டியிருக்கிறேன்.

காலையில் மனைவி குரல் கொடுத்தா. "இஞ்சாருங்கோ, காருக்குள்ள இருக்கிற அரிசி மூட்டையை ஒருக்கா மேலே கொண்டு வாங்கோ. மூண்டு மாடியும் ஏறினால் அதுவும் பயிற்சிதானே." உண்மைதான். இருபது கிலோவை நெஞ்சோடு அணைத்துப் படியேறுவதில் முதுகும் வயிறும் பிடியும் ஒன்றாக வேலை செய்கின்றன.

பல் துலக்கும்போது ஒற்றைக்காலில் நிற்கிறேன். கண்ணை மூடினால் கணுக்கால் ஓயாமல் திருத்திக்கொண்டே இருப்பது தெரியும். சதுப்பில் புல்மேடு விட்டுப் புல்மேடு தாவும்போது அந்தத் திருத்தம்தான் ஆளைக் காப்பாற்றுகிறது.

ஓகஸ்ட் 23, ஹார்டாங்கர்விடா

எங்கள் குழுவில் மூத்தவருக்கு 74 வயது. இன்று முழுவதும் எங்களைவிடக் குறைவாக நடந்து, எங்களைவிட அதிகம் மான்களைக் கண்டார். ரெயின்டீர் மான்கள் பெரும்பாலும் காற்றுக்கு எதிராக மேய்ந்துகொண்டே நகரும். காற்று திரும்பினால் கூட்டமும் திரும்பும். அவர் காலையில் காற்றைப் பார்த்து ஒரு முகட்டைத் தெரிந்து, அங்கேயே தூரநோக்கியோடு இருந்துவிட்டார். நாங்கள் கூட்டத்தின் பின்னால் மத்தியானம்வரை நடந்து வெறுங்கையோடு திரும்பினோம். நான் நாலு மாதம் காலைப் பழக்கியதும் வேண்டும், அவர் ஐம்பது வருடம் கண்ணைப் பழக்கியதும் வேண்டும். நாளைக்கு அவர் சொல்கிற இடத்துக்குத்தான் போவோம்.

மணிக்கூட்டில் நேரம் குறித்து வைத்துத் தண்ணீர் குடிக்கிறேன். வயதேறத் தாகம் மந்தமாகிவிடும். வாய் காயும்வரை பொறுத்தால் பிந்திவிட்டது என்று பொருள். மேற்கே முகில் கறுத்தபோது எல்லோரும் முகட்டைவிட்டு இறங்கினோம். 2016 ஓகஸ்டில் இதே மேட்டுநிலத்தில் இடிமின்னல் 323 மான்களை ஒரே இடத்தில் கொன்றது. அதை அறிந்தவர்கள் யாரும் இங்கே இடிமுழக்கத்தோடு வாதாடுவதில்லை.

ஓகஸ்ட் 25

மூத்தவர் காட்டிய பள்ளத்தாக்கின் வாயில் கூட்டம் வந்தது. கடைசி மேட்டைத் தவழ்ந்து ஏறியபோது இதயம் காதுக்குள் அடித்தது. முதலில் பக்கம் காட்டி நின்ற மானை விட்டேன். மூச்சு இன்னும் இறங்கவில்லை. கோடு அசையாமல் நின்றபோது ஓர் இளம் கிடா தனியாக விலகி நின்றது. ஒரே சூடு. சில அடி ஓடி விழுந்துவிட்டது.

பிறகு உழைப்பு. குடல் எடுத்து, உரித்து, துண்டாக்கியபின் முப்பது கிலோவுக்குச் சற்று மேல். ஒரு வயதுக்கு மேற்பட்ட மானென்றால், மான்களைக் கொல்லும் பிரியான் நோய்க்கான பரிசோதனைக்கு மூளையிலும் நிணநீர்க் கணுவிலும் மாதிரி கொடுக்க வேண்டும். 2020-இல் இந்த மந்தையில் அந்த நோயைக் கண்டுபிடித்தார்கள். இரண்டு பைகளாகப் பிரித்தோம். வீதிவரை இறக்கம்தான் அதிகம். நடைத்தடிகளை நீட்டிக்கொண்டு, அடியைக் குறுக்கி, முழங்காலை இலேசாக மடித்தபடி இறங்கினேன். மூத்தவர் துவக்குகளையும் தூரநோக்கியையும் எடுத்துக்கொண்டு முன்னால் நடந்து, ஈரப்பாறைகளைத் தவிர்த்து வழி காட்டினார்.

இப்போது தொடை நோகவில்லை. தோள்கள்தான் கன்றிப்போயிருக்கின்றன, பையின் இடுப்புப்பட்டி பாரத்தை முழுதாக வாங்கவில்லை. பட்டி அகலமான பை ஒன்று வாங்கவேண்டும், தோளுக்கான பயிற்சியை மார்கழியிலேயே தொடங்கவேண்டும். கன்று ஒன்றுக்கான அனுமதி இன்னும் கையில் இருக்கிறது, பருவம் செப்டெம்பர் 30 வரை. அடுத்த கிழமை காற்று மேற்கே திரும்பினால் வரலாம் என்று மூத்தவர் சொல்லியிருக்கிறார்.